கருப்பட்டியைக் கப்பலேற்றுவது எப்படி: நெல்லைச் சீமையிலிருந்து முதல் ஏற்றுமதிக்கு முழுமையான வழிகாட்டி

ஆண்டுதோறும் ஆனி, ஆடி வாக்கில் யாராவது ஒருவர் அழைத்துவிடுவார். "அண்ணாச்சி, அசல் உடன்குடிச் சரக்கு, இரண்டு டன் வாங்கி வைத்திருக்கிறேன். வெளிநாட்டுக்கு அனுப்ப ஆள் இருந்தால் சொல்லுங்கள்." சரக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டால், தென்காசிப் பக்கம் ஒரு வாடகைக் குடோனில் என்பார். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருக்கும். உள்ளே கருப்பட்டி கசியத் தொடங்கியிருக்கும்.

புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் வேலையைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்: முதலில் சரக்கு, அப்புறம் ஆள், கடைசியில் காகிதம். சரியான வரிசை இதற்கு நேர் எதிரானது. காகிதம் முதலில், பணம் வரும் வழி அடுத்து, சரக்கு கடைசியில். சரக்கு கெடும், காகிதம் கெடாது. காரணம் அவ்வளவுதான்.

கருப்பட்டியை உதாரணமாக வைத்து எழுதுகிறேன். பத்தமடைப் பாய், கோவில்பட்டிக் கடலை மிட்டாய், முருங்கைப் பொடி என எதை அனுப்பினாலும் வரிசை இதுதான். சான்றிதழ்கள் மட்டும் மாறும். நம் சரக்கைக் கேட்பவை கொழும்பு, கோலாலம்பூர், போர்ட் லூயிஸ், டர்பன், நைரோபி போன்ற ஊர்கள். ஒரு முனையில் ரசீது எழுதிப் பழக்கமில்லாத பனையேறி இருக்கிறார். மறுமுனையில் வங்கியில் டாலர் எப்போது கிடைக்கும் என்று காத்திருக்கும் வணிகர் இருக்கிறார். இருவரின் வாய்ச்சொல்லையும் வங்கியும் சுங்கமும் ஏற்கும் காகிதமாக மாற்றுவதுதான் இடையில் நிற்கும் உங்கள் வேலை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பான் அட்டை, நடப்புக் கணக்கு, ஜி.எஸ்.டி. பதிவு, வாடகை ஒப்பந்தமோ மின் கட்டண ரசீதோ உள்ள ஒரு முகவரி, முழுவதும் முடங்கினாலும் வீட்டுச் செலவு நிற்காத அளவுக்கு ஒரு தொகை.

பருவத்தையும் கணக்கில் வையுங்கள். இந்தப் பக்கம் மாசி, பங்குனியில் பதநீர் இறங்கத் தொடங்கி ஆடியோடு ஓயும். பருவம் தொடங்கும்போது உரிமங்கள் கையில் இருக்க வேண்டுமானால் தை மாதமே விண்ணப்ப வேலையில் இறங்க வேண்டும். பங்குனியில் விண்ணப்பித்து ஆடியில் உரிமம் பெற்றவர்கள் அந்த ஆண்டு எதையும் அனுப்பவில்லை.

1. முதலில் உங்கள் பெயரை நேராக்குங்கள்

இதைப் படித்துச் சிரிப்பவர்கள்தான் பின்னால் அதிகம் அலைகிறார்கள். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, முன்னெழுத்துதான். வங்கிக் கணக்கில் "எஸ். முருகன்" என்று இருக்கும். பான் அட்டையில் அந்த "எஸ்" விரிந்து "சுப்பையா முருகன்" ஆகியிருக்கும். ஆதாரில் "முருகன் சு" என்று இருக்கும். ஜி.எஸ்.டி. பதிவில் கடைப்பெயர் மட்டும் இருக்கும். ஊரில் எல்லோருக்கும் அது ஒரே ஆள். கணினிக்கு அது நான்கு பேர்.

என் முதல் விண்ணப்பமே இந்த ஓர் எழுத்தில் சிக்கித் திரும்பி வந்தது. வங்கிக் கணக்கின் பெயரைத் திருத்தி மறுபடி விண்ணப்பிப்பதற்குள் மூன்று வாரம் போய்விட்டது. அதுவாவது விண்ணப்பம். வெளிநாட்டிலிருந்து வந்த பணமே பெயர் பொருந்தாமல் வங்கியில் நின்றுவிட்டால் வாங்குபவருக்கு என்ன பதில் சொல்வது?

பான் அட்டையில் உள்ளதையே அடிப்படையாக எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்ப, ஆங்கில எழுத்துக்கூட்டல் வரை, திருத்துங்கள். ஏற்றுமதிக்கான குறியீடுகள் யாவும் பான் எண்ணை ஒட்டியே வருவதால் திருத்தத்தை அங்கிருந்து தொடங்குவதுதான் எளிது.

2. குறியீடுகளும் உரிமங்களும்: ஒன்றன்பின் ஒன்றாக

முதலில் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு. ஐ.இ.சி. என்பார்கள். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். அரசுக் கட்டணம் 500 ரூபாய். இப்போது உங்கள் பான் எண்ணே அந்தக் குறியீடாக வரும். அரசு முத்திரையைப் போல ஒரு படத்தைப் போட்டு ஆயிரக்கணக்கில் வாங்கும் இணையதளங்கள் உண்டு. முகவரியைச் சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரை இந்தக் குறியீட்டின் விவரங்களை இணையத்தில் ஒருமுறை உறுதிசெய்ய வேண்டும். எதுவும் மாறவில்லை என்றாலும் உள்ளே போய் உறுதிசெய்தே ஆக வேண்டும். விட்டுவிட்டால் குறியீடு செயலிழந்துவிடும். அது பெரும்பாலும் சரக்கு துறைமுக வாசலில் நிற்கும்போதுதான் தெரியவரும்.

அடுத்தது வங்கியின் ஏ.டி. குறியீடு. அந்நியச் செலாவணி கையாள அனுமதி பெற்ற கிளையிடமிருந்து கடிதம் வாங்கி, சுங்கத் துறையின் இணையதளத்தில், உங்கள் சரக்கு கப்பலேறும் துறைமுகத்துக்குப் பதிவு செய்ய வேண்டும். இது இல்லாமல், சுங்கத்தில் கொடுக்கும் ஏற்றுமதி அறிவிப்பான கப்பல் பில் தாக்கல் ஆகாது. ஊர்க் கிளையில் இதைக் கேட்டால் சில சமயம் புரியாமல் பார்ப்பார்கள். அந்நியச் செலாவணிப் பிரிவு எந்தக் கிளையில் இருக்கிறது என்று கேட்டு அங்கே போங்கள்.

உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மத்திய உரிமம் தேவை. உள்ளூர்க் கடைக்கு எடுத்த மாநில உரிமத்தைக் காட்டினால் செல்லாது. வெல்லமும் சர்க்கரைப் பொருட்களும், வேளாண் பொருள் ஏற்றுமதியைக் கவனிக்கும் அரசின் அபேடா அமைப்பின் பட்டியலில் இருப்பதால் அங்கே உறுப்பினர் சான்றிதழும் வாங்க வேண்டும். ஐ.இ.சி. இல்லாமல் அதற்கு விண்ணப்பிக்க முடியாது. அதனால்தான் இது பின்னால் வருகிறது.

கடைசியாக ஜி.எஸ்.டி. உறுதிக் கடிதம். எல்.யு.டி. என்று கேட்டால் ஆடிட்டருக்குப் புரியும். இது இருந்தால் ஏற்றுமதிப் பில்லில் வரி கட்டாமல் அனுப்பலாம். இல்லையென்றால் முதலில் கட்டிவிட்டுப் பின்னால் திரும்பக் கேட்க வேண்டும். சிறு முதலுக்கு அது மூச்சுமுட்டும். ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும். நம் பருவமோ மார்ச் 31-ஐத் தாண்டி ஓடுவது. மார்ச்சில் கொடுத்த கடிதத்தை நம்பி ஏப்ரலில் பில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. சரக்கின் எண்ணைத் தவறவிடாதீர்கள்

ஒவ்வொரு சரக்குக்கும் சுங்க அட்டவணையில் ஓர் எண் உண்டு, எச்.எஸ். எண் என்பது அதுதான். கருப்பட்டி இனிப்புதானே என்று 1701-ஐப் போட்டுவிடுகிறார்கள். அந்தத் தலைப்பு கரும்பு, பீட்ரூட் சர்க்கரைக்கு உரியது. பனையிலிருந்து வருவது 1702. இந்திய அட்டவணையில் பனஞ்சர்க்கரைக்கென்றே 17029010 என்ற எண் இருக்கிறது.

இது வெறும் எண் சண்டை இல்லை. 2022 ஜூன் முதல் நம் நாட்டுச் சர்க்கரை ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. தவறான எண்ணைப் போட்டால் உங்கள் கருப்பட்டி சீனியோடு வரிசையில் நிற்க நேரலாம். வாங்குபவர் கட்டும் இறக்குமதி வரியும் இந்த எண்ணை வைத்துத்தான். எண்ணை, சுங்க வேலையை உங்களுக்காகச் செய்துதரும் கிளியரிங் ஏஜென்டிடம் எழுத்தில் உறுதிசெய்துகொண்டு, அதையே வாங்குபவருக்கும் அனுப்பி, "உங்கள் சுங்கத்தில் இது சரிதானா?" என்று கேளுங்கள். முதல் ஆறு இலக்கங்கள் உலகெங்கும் பொது. அதற்குப் பின்னால் வருபவை நாட்டுக்கு நாடு மாறும்.

4. ஆளைப் பார்க்கும் முன் நாட்டைப் பாருங்கள்

வாங்குபவர் நல்லவராக இருக்கலாம். அவர் நாட்டு வங்கியில் டாலர் இல்லாமல் இருக்கலாம். இலங்கை 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியது நினைவிருக்கும். அதற்கு முன்பே பல பொருட்களின் இறக்குமதிக்கு அங்கே கட்டுப்பாடு வந்துவிட்டது. நாணயமான வணிகர்கள்கூட அப்போது பணம் அனுப்ப முடியாமல் தவித்தார்கள். ஆளின் நாணயம் வேறு, நாட்டின் நாணயம் வேறு. இரண்டையும் தனித்தனியாக எடைபோட வேண்டும்.

டாலர் பற்றாக்குறை உள்ள நாடுகளும், தரமற்ற இறக்குமதியால் சூடுபட்ட நாடுகளும், சரக்கு கப்பலேறும் முன்பே காகிதத்தில் கதவைப் போட்டுவிடுகின்றன. கென்யாவுக்குப் போகும் பெரும்பாலான சரக்குக்கு, அந்நாடு அங்கீகரித்த நிறுவனம் நம் ஊரிலேயே சோதித்துத் தரும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். நைஜீரியாவில் இறக்குமதியாளர் தம் வங்கி வழியாக "ஃபார்ம் எம்" என்ற படிவத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். எகிப்தில் 2021 அக்டோபர் முதல், கடல்வழிச் சரக்குக்கு முன்பதிவு எண் பெற்று ஆவணங்களில் அச்சிட வேண்டும். இவற்றின் பொதுக் குணம் ஒன்றுதான்: கப்பல் கிளம்பிய பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று எதையும் தள்ளிப்போட முடியாது.

புதியவர்கள் இந்த விதிகளைத் தொல்லை என்று நினைக்கிறார்கள். எனக்கு இவை ஆளைச் சோதிக்கும் உரைகல். யார் வந்து கேட்டாலும் என் முதல் கேள்வி: "உங்கள் நாட்டுக்கு இந்தச் சரக்கைக் கொண்டுவர நான் என்னென்ன தர வேண்டும்?" உண்மையான இறக்குமதியாளர் மூச்சுவிடாமல் பட்டியலிடுவார், கூடவே நாலு வசையும் வைவார், பட்ட அனுபவம் அப்படி. "அதெல்லாம் ஒன்றும் இல்லை, நீங்கள் அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பவர் ஒன்று புதியவர், அல்லது மோசடிக்காரர். இரண்டு பேரும் உங்கள் முதல் ஏற்றுமதிக்கு வேண்டாம்.

அடுத்து நிறுவனப் பதிவுச் சான்று, வரி எண், வங்கியின் பெயர், இதற்கு முன் வாங்கிய ஏதாவது இந்திய ஏற்றுமதியாளரின் தொடர்பு ஆகியவற்றைக் கேளுங்கள். அரசு டெண்டர் என்று சொல்லி, "பதிவுக் கட்டணம்" அனுப்பச் சொல்லும் கடிதம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். விற்பவர் வாங்குபவருக்குப் பணம் கொடுக்கும் வியாபாரம் உலகில் எங்கும் கிடையாது.

5. பணம் எந்த வழியில் வரும் என்பதை எழுதி வாங்குங்கள்

எல்லோரும் அதிகம் அவசரப்படும் இடம் இதுதான். விலை படிந்த மகிழ்ச்சியில், எப்போது, எப்படிப் பணம் வரும் என்பதை வாட்ஸ்அப்பில் "சரி, பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள்.

முன்பணம் முழுவதும் கிடைத்தால் உங்களுக்குப் பாதுகாப்பு. முதல் தடவை யாரும் தர மாட்டார்கள். சரக்கு போய்ச் சேர்ந்து பல நாள் கழித்துப் பணம் என்பது வாங்குபவருக்குப் பாதுகாப்பு. முதல் தடவை நீங்கள் ஒப்புக்கொள்ளக் கூடாது. நடுவில் இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று எல்.சி. என்கிற கடன் உறுதிக் கடிதம். வாங்குபவரின் வங்கி, "இந்த ஆவணங்களைக் காட்டினால் நான் பணம் தருகிறேன்" என்று வாக்குக் கொடுப்பது. இதில் எல்லோரும் தவறவிடும் உண்மை: வங்கி ஆவணத்தைத்தான் பார்க்கும், சரக்கைப் பார்க்காது. சரக்கு முதல்தரமாக இருந்து, ஆவணத்தில் ஓர் எழுத்து பிசகினால் வங்கி கையை விரிக்கும். பன்னாட்டு வணிக மன்றத்தின் யு.சி.பி. 600 விதிகள் இதற்கு அடிப்படை. கடிதத்தில் வேறு கெடு சொல்லாவிட்டால், கப்பலேறிய 21 நாளுக்குள், கடிதத்தின் ஆயுள் முடியும் முன், ஆவணங்களைச் சமர்ப்பிக்க வேண்டும். வங்கிக்குச் சரிபார்க்க ஐந்து வேலைநாள். டாலர் தட்டுப்பாடு உள்ள நாட்டு வங்கி என்றால், வேறொரு வலுவான வங்கியின் உறுதிப்பாடும் சேர்ந்த எல்.சி. கேளுங்கள். இல்லையென்றால் ஒரு பலவீனத்துக்குப் பதில் இன்னொரு பலவீனத்தை நம்புகிறீர்கள்.

ஆனால் இரண்டு டன் கருப்பட்டிக்கு எல்.சி. என்பது கொசுவுக்குப் பீரங்கி. வங்கிக் கட்டணமே லாபத்தைத் தின்றுவிடும். என் யோசனை இரண்டாவது வழி: பாதி முன்பணம், மீதி, கப்பல் கம்பெனி தரும் பி.எல். ரசீதின் நகலைக் காட்டியவுடன். அசல் பி.எல். கையை விட்டுப் போகக் கூடாது. அசல் இருப்பவரிடம்தான் சரக்கின் உரிமை இருக்கிறது. ஏற்றுமதியாளர் பெரும்பாலும் மூன்று அசல் பிரதிகள் பெறுவார். மூன்றையும் எண்ணி வாங்கிப் பூட்டி வையுங்கள்.

"பணம் அனுப்பிவிட்டேன், இதோ வங்கிச் சீட்டு" என்று படம் வரும். படம் பணம் ஆகாது. உங்கள் கணக்கில் விழுந்து வங்கி உறுதி சொன்ன பிறகுதான் பி.எல். கூரியரில் ஏறலாம்.

இன்னொரு பொறி: நடுவில் யாரோ உங்கள் மின்னஞ்சலைப் போலவே ஒன்றை உருவாக்கி, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று வாங்குபவருக்கு எழுதுவான். அவர் அங்கே பணத்தைப் போட்டுவிடுவார். கணக்கு எண்ணை ஒப்பந்தத்திலேயே எழுதி, "மாற்றம் என்றால் தொலைபேசியில் என் குரலில் சொன்னால்தான் செல்லும்" என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள்.

கடனுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான இ.சி.ஜி.சி.யை அணுகுங்கள். வாங்குபவருக்கு எவ்வளவு வரம்பு தருவார்கள் என்பதைச் சரக்கு கிளம்பும் முன்பே கேட்டு வாங்க வேண்டும். அவர்கள் தயங்கினால் அதையே ஒரு செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

6. மூன்று மாதிரிகள், ஓர் ஆய்வகம்

மாதிரியை எடுக்கும்போது மூன்று பொட்டலம் போடுங்கள். ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று உங்களிடம். மூன்றிலும் ஒரே தேதி, ஒரே அடையாள எண், முத்திரை. பின்னால் "மாதிரி வேறு, வந்த சரக்கு வேறு" என்ற பேச்சு வந்தால் உங்களுக்குச் சாட்சி மூன்றாவது பொட்டலம்தான்.

ஆய்வகம், ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். என்ன சோதிக்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். வாங்குபவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். ஈரப்பதம், கன உலோகம், கந்தக டை ஆக்சைடு, நுண்ணுயிர் ஆகியவை பொதுவாகக் கேட்கப்படுபவை.

சீனிக் கலப்படம் பற்றி ஒரு வார்த்தை. நாக்கில் வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பவர்கள் நம்மூரில் ஏராளம். வெளிநாட்டு ஆய்வகம் நாக்கை நம்பாது. பனை சி-3 வகைத் தாவரம், கரும்பு சி-4. ஒளிச்சேர்க்கை முறை வேறு என்பதால் இரண்டின் இனிப்பிலும் கார்பன் ஐசோடோப்பு விகிதம் வேறுபடும். சீனி கலந்தால் அந்த விகிதம் காட்டிக்கொடுத்துவிடும். நம் கடைத்தெருவில் தப்பும் சரக்கு அங்கே மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

7. விலையைக் கிலோவுக்குப் போடும் முன் மொத்தத்துக்குப் போடுங்கள்

கொள்முதல் விலையோடு லாபத்தைக் கூட்டிச் சொல்லிவிடுவது முதல் தவறு. ஆய்வகம், கிளியரிங் கட்டணம், கண்டெய்னர் நிலையக் கட்டணம், பி.எல். கட்டணம், சான்றிதழ், வங்கிக் கழிவு ஆகியவற்றில் பெரும்பகுதி சரக்கு எவ்வளவானாலும் மாறாதது. ஒரு பேச்சுக்கு இந்த மாறாச் செலவு 36,000 ரூபாய் என்று வையுங்கள். 300 கிலோ அனுப்பினால் கிலோவுக்கு 120 ரூபாய் ஏறும். 2,000 கிலோ அனுப்பினால் 18 ரூபாய். "முதலில் கொஞ்சமாக அனுப்பிப் பார்க்கலாம்" என்ற எச்சரிக்கை கப்பலில் செலவைக் கூட்டும். சிறிதாகத் தொடங்க வேண்டும் என்றால் மாதிரியைக் கூரியரில் அனுப்புங்கள். கப்பலில் ஏற்றுவது கணக்குக்குக் கட்டுப்படும் அளவாக இருக்கட்டும்.

முழுக் கண்டெய்னர் நிரம்பாத சரக்குக்குக் கன மீட்டர், டன் இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். ஓலைப்பெட்டியில் இடைவெளி விட்டு அடுக்கினால் காற்றுக்கும் சேர்த்துக் கட்டுவீர்கள்.

விலையோடு எந்த இடம் வரை என்பதையும் எழுதுங்கள். "எஃப்.ஓ.பி. தூத்துக்குடி, இன்கோடெர்ம்ஸ் 2020" என்றால் தூத்துக்குடியில் கப்பலேறும் வரை உங்கள் பொறுப்பு. யார் பொறுப்பு எது வரை என்று சொல்லும் பன்னாட்டு விதிகள்தான் இன்கோடெர்ம்ஸ். கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த சி.ஐ.எஃப். விலையை வாங்குபவர் கேட்கலாம். கென்யா, நைஜீரியா போன்ற நாடுகளில் இறக்குமதிச் சரக்குக்கு உள்ளூர் நிறுவனத்தில்தான் காப்பீடு எடுக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதால், நீங்கள் எடுக்கும் காப்பீடு அங்கே வீண் செலவாகலாம். கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

8. இப்போதுதான் கொள்முதல்

ஒப்பந்தம் கையெழுத்தாகி, முன்பணம் வந்த பிறகு, பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலிப் பக்கம் போங்கள்.

மேலாண்மைப் பாடங்கள் எதுவும் இங்கே நேரடியாக உதவாது. பனையேறிகளில் பலர் பருவம் தொடங்கும் முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். அவர்கள் சரக்கு அந்த வியாபாரிக்குத்தான் போகும். நீங்கள் கூடுதல் விலை சொன்னாலும் தர மாட்டார்கள், தரவும் கூடாது. ஒன்று, தை மாதமே போய் உங்கள் பங்குக்கு முன்பணம் கொடுத்துப் பேசி வைத்திருக்க வேண்டும். அல்லது அந்த வியாபாரியையே கூட்டாளியாக்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது வழியில் லாபம் குறையும், தூக்கம் வரும்.

விலையை அடித்துப் பேசாதீர்கள். தருமம் பார்த்து இதைச் சொல்லவில்லை, கணக்குத்தான். சீனி விலை கருப்பட்டி விலையில் ஒரு சிறு பகுதி. விறகும் கூலியும் கட்டுப்படியாகாத விலைக்கு நீங்கள் கேட்டால் சரக்கு வரும், கூடவே சீனியும் வரும். நியாயமான விலையைச் சொல்லி, "இது ஆய்வகத்துக்குப் போகும், மாட்டினால் முழுச் சரக்கும் திரும்பும்" என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு விடிலிச் சரக்குக்கும் தனி அடையாளம் போடுங்கள். ஒரு நோட்டில் தேதி, ஊர், எடை, கொடுத்த பணம், கையெழுத்து அல்லது கைநாட்டு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்துவிட்டால், ஒரு சிரட்டைக் கருப்பட்டியில் குறை வந்தாலும் இரண்டு டன்னும் குற்றவாளி ஆகிவிடும்.

பணத்தை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரட்டும், தருகிறேன் என்ற பேச்சு ஒருமுறைதான் எடுபடும்.

9. கட்டி அடுக்குவது

கருப்பட்டி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஆனி, ஆடியில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் வைக்க வேண்டாம்; ஐப்பசி, கார்த்திகையில் எங்குமே நீண்ட நாள் வைக்க வேண்டாம். உலர்த்தி, தரம் பிரித்து, காற்றுப் புகாத உள்ளுறையில் போட்டு, அட்டைப்பெட்டியில் அடுக்குங்கள். எடையை உறையிடும் நாளில் போட்டு, "உறையிட்டபோது நிகர எடை" என்றே எழுதுங்கள்.

ஓலைப்பெட்டி மேல் எல்லோருக்கும் ஒரு காதல். படத்துக்கு அழகுதான். ஆனால் ஓலை தாவரப் பொருள். பல நாடுகளில் அதற்குத் தாவர நலச் சான்றிதழும் புகையூட்டச் சான்றும் கேட்பார்கள். சரக்குக்கு எல்லாச் சான்றும் வாங்கிவிட்டு, பெட்டியால் மாட்டிக்கொண்டவர் எனக்குத் தெரிந்தவர். மரப்பலகை அடியில் வைத்தால் அதிலும் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை வேண்டும். மரத்தின் உள்ளே 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் சூடேற்றியதற்கோ புகையூட்டியதற்கோ அது அடையாளம். பிளாஸ்டிக் பலகை கிடைத்தால் இந்தப் பாடே இல்லை.

கண்டெய்னர் பகலில் சூடேறி இரவில் குளிரும்போது உள்கூரையில் நீர் கோத்துச் சொட்டும். துறைமுகத்தில் இதைக் கண்டெய்னர் வியர்வை என்பார்கள். ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடச் சொல்லுங்கள். தூத்துக்குடியில் ஏறும் கண்டெய்னர்களில் பல கொழும்பில் இறங்கி வேறு கப்பலுக்கு மாறுகின்றன. அங்கே காத்திருக்கும் நாட்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

10. தூத்துக்குடியில்

உங்கள் கிளியரிங் ஏஜென்டை முதல் கொள்முதலுக்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் அவர் கேட்பவை: இன்வாய்ஸ், பேக்கிங் பட்டியல், ஆய்வறிக்கை, உரிம நகல்கள், ஒப்பந்தம். அவர் கப்பல் பில்லைச் சுங்கத்தில் தாக்கல் செய்வார். ஏற்றுமதிக்கான வரித் திருப்பச் சலுகை கேட்கிறீர்களா என்பதை அந்தப் பில்லிலேயே குறிக்க வேண்டும். விட்டுவிட்டால் பின்னால் திருத்துவது தலைவலி.

தாக்கல் செய்யும் முன் வரைவை வாங்கி, இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் சரிபாருங்கள். எல்லா ஆவணத்திலும் சரக்கின் பெயர் ஒரே வார்த்தையில் இருக்க வேண்டும். கருப்பட்டியை ஒருவர் பனைவெல்லம் என்றும், ஒருவர் பனஞ்சர்க்கரை என்றும், ஒருவர் இனிப்பு என்றும் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். நமக்கு ஒன்று, வங்கிக்கு மூன்று சரக்கு. பெட்டி எண்ணிக்கையும் எடையும் அப்படியே.

பிறப்பிடச் சான்றிதழை மறக்க வேண்டாம். மொரீஷியஸோடு 2021 ஏப்ரல் முதல், ஐக்கிய அரபு அமீரகத்தோடு 2022 மே முதல், இலங்கையோடும் ஆசியான் நாடுகளோடும் அதற்கு முன்பிருந்தே, நமக்கு வர்த்தக ஒப்பந்தங்கள் உண்டு. உங்கள் சரக்கு அதில் வந்தால் வாங்குபவருக்கு வரி குறையும். அதைச் சொல்லி விலை பேசலாம் என்பதால் இதை ஏழாவது படியிலேயே விசாரித்திருப்பது இன்னும் நல்லது.

11. கப்பல் போன பிறகு

பி.எல். கைக்கு வந்தவுடன் நகலை வாங்குபவருக்கு அனுப்பி மீதிப் பணத்தைக் கேளுங்கள். சரக்கு சேரும் நாளுக்கு முன்பே பணம் வந்து, அசல் ஆவணமும் அங்கே போய்விட வேண்டும். தாமதமானால் அந்த ஊர்த் துறைமுகத்தில் தேக்கக் கட்டணம் ஓடத் தொடங்கும். வாங்குபவர் கைவிட்டுவிட்டால் கப்பல் கம்பெனி உங்களைத்தான் தேடி வரும். சில நாடுகளில் முதல் இறக்குமதியாளர் எழுத்தில் சம்மதிக்காமல் சரக்கை வேறொருவருக்கு மாற்றவோ திருப்பிக் கொண்டுவரவோ முடியாது. பாதி முன்பணம் வாங்கச் சொன்னது இதற்காகத்தான். தம் பணம் உள்ளே இருப்பவர் எளிதில் கைவிடமாட்டார்.

வந்த பணத்தை எந்தக் கப்பல் பில்லுக்கு என்று வங்கியில் பொருத்தச் சொல்லி, வரவுச் சான்றிதழ் வாங்குங்கள். பணம் வந்தால் போதும் என்று இருந்துவிட்டால் ரிசர்வ் வங்கியின் கணக்கில் அந்தப் பில் நிலுவையாகவே நிற்கும். அடுத்த ஏற்றுமதியில் அது இடறும். எத்தனை மாதத்துக்குள் பணம் வந்தாக வேண்டும் என்ற கெடு அவ்வப்போது மாற்றப்படுகிறது. ஒவ்வொரு முறையும் வங்கியில் அன்றைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரக்கு சேர்ந்த மறுவாரம் நீங்களே அழைத்து எப்படி இருந்தது என்று கேளுங்கள். குறை இருந்தால் படமும் பெட்டியின் அடையாள எண்ணும் வாங்கி, உங்கள் நோட்டில் எந்த விடிலி என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் குறை சொல்லக் கெடு எழுதியிருப்பீர்கள். அந்தக் கெடு முடியும் வரை மூன்றாவது மாதிரிப் பொட்டலத்தைத் திறக்காமல், எறும்பு ஏறாத இடத்தில் வையுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால், அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில்.